நீர்வரத்து எத்தனை கனஅடி?

கேள்வி: ஐயா, ஒகேனக்கல்லுக்கு வினாடிக்கு இத்தனை கனஅடி நீர்வரத்து என்று செய்தியில் சொல்கிறார்களே, அதை வைத்து மின்சாரம், மீன், பரிசல் எல்லாவற்றுக்கும் காவிரியில் தண்ணீர் போதுமா என்று கணக்கிட முடியுமா? - ஒரு வாசகி, மேச்சேரி

பதில்: ஒரு நாள் அளவை வைத்து முடியாது அம்மா. வருஷ சராசரியும் ஏமாற்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மலை ஓடையின் ஆண்டு நீரை 365-ஆல் வகுத்து, 'சின்ன டர்பைன் ஓட்டலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி எதுவும் சொல்லவில்லை. பங்குனியில் அதே ஓடைக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் கணுக்காலைக்கூட நனைக்கவில்லை.

காவிரியையே பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி, கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி). சராசரி பார்த்தால் வினாடிக்குச் சுமார் 5,600 கனஅடி. ஆனால் மாத அட்டவணையில் ஆகஸ்டுக்கு 45.95 டிஎம்சி, அதாவது 17,000 கனஅடிக்கு மேல். பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டிஎம்சிதான், வினாடிக்குச் சுமார் ஆயிரம் கனஅடி.

அதனால் இருபது வருஷ தினசரி அளவுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, நூற்றுக்குத் தொண்ணூறு நாள் குறைந்தது எவ்வளவு ஓடியது என்று பார்ப்போம். வருஷம் முழுக்க மின்சாரம் வேண்டுமென்றால் அந்த அளவைத்தான் நம்பலாம். ஆயிரம் கனஅடி நூறு அடி உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 7 மெகாவாட் கிடைக்கும். மேட்டூரில் அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200. ஆனால் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில்தான் அவை ஓடுகின்றன. அதே தண்ணீர் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை கதவணைகளிலும் மின்சாரம் தருகிறது.

மீனுக்கு நாள் கணக்கே போதாது, மணிக்கணக்கு வேண்டும். ஆடியில் புதுவெள்ளம் வந்தால் மீன் ஏறும், முட்டையிடும். மாலையில் மின்தேவைக்குத் திறந்து இரவில் சட்டென்று நிறுத்தினால், ஆற்றோரத்துத் தண்ணீர் வடிந்து முட்டையும் குஞ்சும் காய்ந்துபோகும். அன்றைய சராசரியைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்! இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

பரிசலுக்குக் கீழ் வரம்போடு மேல் வரம்பும் உண்டு. வெள்ளம் வந்ததும் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை போடுவது உங்களுக்குத் தெரியும்.

சரி, மூன்றையும் எப்படிச் சேர்ப்பது? மாசி முதல் வைகாசி வரை மீன் உயிர்தரிக்க எவ்வளவு வேண்டுமோ அதை முதலில் தனியே எடுத்துவைக்க வேண்டும். பிறகு மிச்சத்தில் மின்சாரம். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் ஆற்றின் மொத்த நீராகக் கணக்கிட்ட 740 டிஎம்சியில் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கியது 10 டிஎம்சி. மேலே சொன்ன அந்த நான்கு மாதத்து இரண்டரை இரண்டரை டிஎம்சிதான் அது. அதில் கைவைத்துவிட்டு மீன் ஏன் குறைந்தது என்று கேட்பது நியாயமில்லை.