எச்.ஐ.வி இல்லை என்று சோதனையில் வந்தும் பயம் ஏன் போவதில்லை?

இதற்குப் பெயர் நோய்ப் பதற்றம், அதாவது நோய் இல்லை என்று தெரிந்தும் மனம் நம்ப மறுப்பது. எச்.ஐ.வி தொற்றாமல் இருக்கத் தரும் தடுப்பு மருந்து எடுக்காதவருக்கு, நரம்பில் இரத்தம் எடுத்துச் செய்யும் ஆன்டிஜன்-ஆன்டிபொடி சோதனை (வைரஸின் கூறையும் அதற்கு உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளையும் தேடுவது), தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய கடைசிச் சம்பவத்திலிருந்து 45 நாளுக்குப் பிறகு (உடனே முடிவு சொல்லும் ரெபிட் சோதனை என்றால் 90 நாள்) ‘இல்லை’ என்றால் அது முடிவான பதில். அதன் பிறகும் மட்டக்களப்பு, கல்முனை என்று மாறி மாறிச் சோதிப்பது நுளம்பு கடித்த இடத்தைச் சொறிவது மாதிரி, அந்த நேரம் சுகம், அப்புறம் இன்னும் அரிக்கும், ஏனென்றால் ‘சோதித்ததால்தான் நிம்மதி’ என்று மூளை பழகிவிடுகிறது. புதிய ஆபத்து எதுவும் இல்லாவிட்டால் மறுபடி சோதிக்காதீர்கள், இணையத்தில் அறிகுறி தேடாதீர்கள். முதலில் கஷ்டம்தான், ஆனால் பயம் மெல்லத் தணியும். தூக்கம் கெட்டால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம். ‘வியர்க்கிறது, களைப்பாக இருக்கிறது, அப்போ சோதனைதான் பிழை’ என்று பலர் நினைக்கிறார்கள். பதற்றமே இவற்றைக் கொண்டுவரும், அறிகுறியை வைத்து எச்.ஐ.வியை யாராலும் உறுதி செய்ய முடியாது.