'ஹை' என்றால் சரி என்றா அர்த்தம்?

கேள்வி: டோக்கியோவில் ஓர் ஆடை இறக்குமதி நிறுவனத்தாருடன் இரண்டு மணி நேரம் பேசினேன். சொன்ன எல்லாவற்றுக்கும் 'ஹை, ஹை' என்று தலையாட்டினார்கள். இரண்டு மாதமாகியும் ஆர்டர் வரவில்லை. ஜப்பானியர் வாக்குத் தவறாதவர்கள் என்பது கட்டுக்கதைதானா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: வாக்குக் கொடுத்தால்தானே தவறுவதற்கு? பாட்டி கதை சொல்லும்போது பேரன் 'உம்' கொட்டுவானே, அந்த 'உம்'தான் இந்த 'ஹை'. காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள், அவ்வளவுதான். சம்மதத்துக்கும் அதே சொல் என்பதால்தான் வெளியூர்க்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

மறுப்பு வேறு மாதிரி வரும். பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று மூச்சை உள்ளிழுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, 'சொத்தோ...' என்று இழுப்பார்கள். 'கொஞ்சம்...' என்று பொருள். மீதியை நீங்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். 'முஸுகஷீ', அதாவது சிரமம் என்றால், நடக்காது. 'கென்தோ ஷிமாஸ்', பரிசீலிக்கிறோம் என்றால், பெரும்பாலும் நடக்காது. பெண் பார்க்க வந்து சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு 'ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்' என்று கிளம்பியவர்களைப் பார்த்த நமக்கு இது புரியாதா என்ன?

அதற்காக இரண்டு மாத மௌனத்தையே மறுப்பு என்று தலைமுழுக வேண்டாம். பெரிய நிறுவனங்களில் கூட்டத்தில் வைத்து முடிவெடுப்பது அபூர்வம். மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்துவதற்கு அங்கே 'நெமவாஷி' என்று பெயர். துறை துறையாகப் போய்த் தனித்தனியே சம்மதம் வாங்குவதற்கும் அதே பெயர்தான். அதன்பின் 'ரிங்கி' என்ற முன்மொழிவு கீழிருந்து மேலே ஏறும். வழியில் ஒவ்வொருவரும் முத்திரை வைக்க வேண்டும். ஒரு மேசையில் தேங்கினால் எல்லாம் தேங்கும்.

அவர்கள் என்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'துணி அருமை' என்றது உபசாரம். தையலில் முறிந்த ஊசித்துண்டை எந்தக் கருவியில் கண்டுபிடிக்கிறீர்கள், துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும் என்று குடைந்திருந்தால் அது வாங்க நினைக்கிறவர்களின் கேள்வி. நீங்கள் கேட்ட விதமும் முக்கியம். 'விலை சம்மதமா?' என்றால் இன்னொரு 'ஹை'தான் கிடைக்கும். 'மாதிரி எந்தத் தேதிக்குள், எந்தெந்த அளவில் வேண்டும்?' என்றால் பதில் வந்தாக வேண்டும்.

இன்னொன்று. மூத்தவர் கதவிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பார். கதவோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்த இளைஞரை நீங்கள் பொருட்படுத்தியே இருக்க மாட்டீர்கள். ரிங்கியை எழுதப்போகிறவர் அநேகமாக அவர்தான். அவர் இரு கையாலும் நீட்டிய கார்டு உங்கள் பின்பாக்கெட்டில் நசுங்காமல் இருந்தால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: அன்று பேசியவற்றை எண் போட்டு, விலை, குறைந்தபட்ச ஆர்டர் அளவு, மாதிரி அனுப்பும் தேதி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில். ரிங்கியோடு அதை அவர் அப்படியே இணைத்துக்கொள்ளலாம்.