கால்வாய்ப் படகில் விடியற்காலைக் காபி

கேள்வி: லண்டனில் ரீஜன்ட்ஸ் கால்வாயில், நாரோபோட் எனப்படும் ஒடுக்கமான படகில் நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். மருத்துவமனையில் காலை ஷிப்ட் என்பதால் 5 மணிக்கே எழுந்துவிடுவேன். எழுந்தவுடன் காபிக்கொட்டையை மின்சார கிரைண்டரில் அரைத்து, பில்டரில் போட்டு, டிகாக்‌ஷன் இறக்குவது வழக்கம். எங்கள் படகோடு ஒட்டிக் கட்டியிருக்கும் அடுத்த படகுக்காரர், அந்தச் சத்தத்தில் தம் குழந்தை தினமும் விழித்துக்கொள்வதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். காபியை விடவும் மனமில்லை; அவர் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: காபியை நீங்கள் விட வேண்டியதில்லை. டிகாக்‌ஷன் இறங்குவது ஓசையே இல்லாத வேலை. ஓசையெல்லாம் அதற்கு முன்னால் செய்கிற அரைப்பதிலும் தண்ணீர் பிடிப்பதிலும் கொதிக்கவைப்பதிலும்தான் இருக்கிறது. இவற்றில் முடிந்தவற்றை முந்தின நாள் மாலைக்கே தள்ளிவிடுங்கள்.

முதலில் கிரைண்டர். ஏறத்தாழ 7 அடி அகலமே உள்ள உங்கள் படகு முழுக்க இரும்புத் தகடு. அடுக்களைப் பலகையில் வைத்து கிரைண்டரை ஓட்டினால் அதன் அதிர்வு பலகை வழியாகத் தகட்டுக்கு இறங்கி, உரசிக்கொண்டு நிற்கும் அடுத்த படகின் தகட்டுக்கும் போய்விடுகிறது. அந்தக் குழந்தையின் தலைமாட்டில் கேட்பது பெரும்பாலும் இந்த அதிர்வுதான். ஆகவே கையால் சுற்றும் சிறிய அரைக்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மாலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் சுற்றினால் மறுநாளைக்கான தூள் தயார். அன்றன்று அரைத்த தூளைவிட மணம் சற்றுக் குறையும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் காற்றுப் புகாத சிறு டப்பாவில் நிரம்ப அடைத்துவைத்தால் ஓரிரவில் இழப்பது மிகக் கொஞ்சமே.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. படகில் குழாயைத் திறந்தவுடன் தண்ணீர்த் தொட்டியின் பம்பு ‘டர்ர்ர்’ என்று ஓடத் தொடங்கும். குளிர்காலத்தில் ஒரு வாரம் இத்தகைய படகில் தங்கியிருந்தபோது, விடியற்காலையில் கெட்டில் நிரம்பும் அந்த அரை நிமிடம் எனக்கு அரை மணி நேரமாகத் தோன்றியது. அன்று முதல் படுக்கப்போகும் முன்பே கெட்டிலை நிரப்பிவைத்தேன். விசில் கெட்டிலாக இருந்தால் மூக்கில் உள்ள விசிலைக் கழற்றிவிடுங்கள். மின்சாரக் கெட்டிலைப் படகில் நினைக்கவே வேண்டாம்: 2,000 வாட் கெட்டில் ஒன்று 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இன்வெர்ட்டரின் விசிறி இரையும், பேட்டரி இறங்கிப்போய், அதை மறுபடி ஏற்ற எஞ்சினை ஓட்டத் தோன்றும். அங்குள்ள கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டோ, மற்றவர்கள் அருகில் இருக்கும் இடங்களில், நிறுத்திவைத்த படகின் எஞ்சினை மின்சாரத்துக்காக இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை ஓட்டக் கூடாது என்று உரிம நிபந்தனையிலேயே வைத்திருக்கிறது.

இனி நம்முடைய பில்டர். படகுக்கென்றே செய்ததுபோல, மின்சாரமும் காகிதமும் கேட்காத பாத்திரம் அது. இரவு பத்து மணிக்கு, பில்டரின் மேல்பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டித் தூளைப் போட்டு, குடையால் லேசாக மட்டும் அழுத்தி, கொதித்து அடங்கிய தண்ணீர் 150 மில்லி அளவுக்கு ஊற்றி மூடி, கனத்த துணியால் சுற்றிவிடுங்கள். தூள் மிகவும் நைஸாக இருந்தால் டிகாக்‌ஷன் அடைத்துக்கொள்ளும்; விடியற்காலையில் அதைத் தட்டத் தொடங்குவீர்கள், அந்தப் பித்தளை ஓசை கிரைண்டரையே தோற்கடிக்கும். காலையில் டிகாக்‌ஷனை அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துவிடும்; வெந்நீருக்குள் பாத்திரத்தோடு வைத்துச் சூடேற்றி, காய்ச்சிய பாலைச் சேருங்கள். குளிர்காலத்தில் இரவு முழுதும் கனன்றுகொண்டிருக்கும் கரி அடுப்பின் மேல் கெட்டிலை வைத்துவிட்டால் அந்த வெந்நீருக்காகத் தீக்குச்சி உரசும் ஓசைகூட வேண்டாம்.

டபரா டம்ளரை விட்டுவிடாதீர்கள். வேறொரு படகு கடந்துபோய் உங்கள் படகு ஒரு பக்கம் சாயும்போது சிந்துகிற காபி டபராவிலேயே தங்கும். ஆற்றும்போது மட்டும் கையைத் தாழ்த்திக்கொண்டால் போதும். இரு படகுகளுக்கும் நடுவே ரப்பர் தாங்கிகள் தொங்குகின்றனவா என்றும் பாருங்கள். நீங்கள் நடக்கும்போது இரும்போடு இரும்பு இடிக்கும் ஓசையும் குழந்தையை எழுப்பக்கூடும்.

கேள்வி: பில்டருக்குப் பொறுமையில்லை. மோக்கா பாட் படகுக்கு ஏற்றதா?

பதில்: ஏற்றதுதான். 1933-இல் இத்தாலியில் பியாலெட்டியின் பட்டறையிலிருந்து வந்த அந்தப் பாத்திரம் அடுப்பில் வைப்பதற்கென்றே பிறந்தது; கீழறையில் கொதிக்கும் தண்ணீரை ஆவியின் அழுத்தம் தூள் வழியாக மேலறைக்கு ஏற்றும். காபி ஏறி முடியும் தறுவாயில் எழும் களகளப்புதான் அதன் ஒரே சத்தம். அது தொடங்கும் முன்பே தீயை அணைத்தால் சத்தமும் இராது, கசப்பும் குறையும். குளிரில் கேஸ் வராமல் மக்கர் செய்தால் சிலிண்டரைப் பாருங்கள்: பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர்கிறதே என்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டு அடுப்பை எரியவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அதற்கான அலாரம் 2019 ஏப்ரல் முதல் அங்கே படகுகளில் கட்டாயமாகியிருக்கிறது. அதன் பொத்தானை வாரம் ஒருமுறை, பகல் நேரத்தில், அழுத்திச் சோதியுங்கள்.

கேள்வி: காபி வண்டலை சிங்க்கில் கழுவிவிடலாமா?

பதில்: கூடாது. இத்தகைய படகுகளில் சிங்க் தண்ணீர் நேராகக் கால்வாயில் விழுகிறது. வண்டல் குழாயையும் அடைக்கும். பில்டரைக் கவிழ்த்து சிங்க் விளிம்பில் தட்டுவதும் வேண்டாம். அப்படியே மூடிவைத்துவிட்டு, வேலையிலிருந்து திரும்பியபின் மரக்கரண்டியால் வழித்தெடுத்து, கூரைமேல் வைத்திருக்கும் செடித்தொட்டியின் மண்ணோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடுங்கள்.