ஈற்றன் கடையில் நின்றவர்கள்

அன்புள்ள அண்ணா,

ரொறன்ரோவின் ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் திமோதி ஈற்றனின் வெண்கலச் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர் தொடங்கி, கனடாவில் 130 வருடம் ஒரே குடும்பம் நடத்திய ஈற்றன் பெருங்கடை ஏன் முறிந்தது? நாலாம் தலைமுறையின் பிழைதானா? நம்மவர் கடைகளுக்கு இதில் பாடம் உண்டா? (என் அம்மாவும் அங்கே கொஞ்சக் காலம் வேலைக்கு நின்றவர்.)

வாசகர், ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

பெற்ற தாயை அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுகிற பழக்கத்தை எங்கே படித்தீர்? கடிதத்தில் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

என் மாமி இதே நகரத்தில் வேறொரு கடையில், சப்பாத்துப் பகுதியில் நின்றவ. ஆள் வராத நேரத்திலும் இருக்க விடமாட்டார்கள். இரவு வந்து சுடுதண்ணிக்குள் காலை வைத்தபடிதான் எங்களோடு கதைப்பா.

பேரப்பிள்ளைகள் சொத்தைத் தின்ற கதையை விடும். எந்தப் பணக்கார வீட்டைப் பற்றியும் ஊர் அதைத்தான் சொல்லும். மலிவுக் கடைகள் வந்தன, 1976இல் தபாலில் பொருள் விற்கும் பட்டியலை நிறுத்தினார்கள், 1999இல் எல்லாம் முடிந்தது. நம்மவர் கடைகளுக்கான பாடத்தை அவர்களே படிக்கட்டும்.

அந்தச் சிலையைக் கொடுத்தது யார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னீரா? ஊழியர்கள். 1919இல், கடையின் ஐம்பதாவது ஆண்டுக்கு. 1869இல் யங் வீதியில் கடை போட்ட திமோதி கடன் கொடுக்கவில்லை, பேரம் பேசவில்லை, பொருள் பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்தார். பெரிய காரியம்தான். ஆனால் அந்த வாக்கை நாள் முழுக்க நின்று காப்பாற்றியவள் விற்பனைப் பெண். அவளையும் குடும்பம் என்றே சொல்லிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அந்தச் சொல்லில்தான்.

1912இல் கூடுதல் கூலி தராமல் மேலங்கிக்கு உள்துணியும் தைக்கச் சொன்னபோது தையல்காரர்கள் மறுத்து வெளியேறினார்கள், தோற்றார்கள். 1940களின் கடைசியில் எய்லீன் டால்மன் என்ற பெண் கடை ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் கட்ட வந்த பிறகு சம்பளம் கூடியது, ஓய்வூதியத் திட்டம் வந்தது. சங்கம் வேண்டுமா என்ற 1951 வாக்கெடுப்பில் சங்கம் தோற்றது. பயம் காட்டினால்தான் குடும்பத்துக்குப் பாசம் வருமா?

1984 நவம்பர் 30 அன்று ஒன்ராறியோவின் ஆறு கிளைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரும்பாலும் பெண்கள், பலர் பகுதிநேரம். அந்தப் பனிக்காலம் முழுக்க வாசலில் நின்றார்கள், மே வரை. அவர்களில் பலர் இந்த நகரத்தில்தான் முதுமையில் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் கேளும்: எந்தப் பகுதி, மணிக்கு என்ன சம்பளம், சாப்பிட எவ்வளவு நேரம் விட்டார்கள், யாரோடு நின்றா. அவ சொல்லச் சொல்ல எழுதி அனுப்பும். ஒரு வரியும் வெட்டாமல் இங்கே போடுகிறேன்.