எச்சில் டெஸ்ட்டில் 'ரிஸ்க் குறைவு': மலப் பரிசோதனை போதுமா?

கேள்வி: எனக்கு வயது 36. அப்பாவுக்கு 44 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது, இப்போது நலம். வீட்டுக்கே வந்து எச்சில் எடுத்துப்போன ஏஜென்ட், "உங்களுக்கு மரபணு ரிஸ்க் குறைவு, வருடம் ஒரு மலப் பரிசோதனை போதும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். உங்களுக்குத் தேவை கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா குழாயால் பெருங்குடலை உள்ளே பார்க்கும் பரிசோதனை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பே, எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும். உங்கள் கணக்கில் அது 34. இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

மலப் பரிசோதனை கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடுகிறது. பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும், பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய சிறு சதை வளர்ச்சி) அன்றைக்குக் கசியவில்லை என்றால் 'நார்மல்' என்றுதான் வரும். இங்கிலாந்தில் 2019-இல் இந்த கிட்டைக் கொண்டுவந்தபோது, ஒரு கிராம் மலத்தில் 120 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்று எல்லோருக்கும் ஒரே வரம்பு வைத்தார்கள்; அதை எட்டினால்தான் அடுத்த கட்டப் பரிசோதனை. மரபணு ரிஸ்க்கைப் பார்த்து அந்த வரம்பையும் தொடங்கும் வயதையும் ஆளுக்கேற்ப மாற்றலாமா என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. அதற்குள் அதை இங்கே வீடு வீடாக விற்கிறார்கள்!

அந்த ரிப்போர்ட்டுகளை நிறைய பார்த்துவிட்டேன். வழவழப்பான தாள், பச்சை மீட்டர், முடி கொட்டுமா என்பதற்குக்கூட ஒரு பக்கம். 'இது நோயறிதல் அல்ல' என்பது மட்டும் கடைசியில் பொடி எழுத்தில். பல மரபணு மாற்றங்களைக் கூட்டிப் போடும் அந்த ரிஸ்க் ஸ்கோர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவில் உருவானவை. நமக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. ஏஜென்டுக்குக் கமிஷன் வந்துவிடும். நோயைத் தவறவிட்டால் அவர் உங்கள் போனைக்கூட எடுக்க மாட்டார்.

மரபணு டெஸ்ட் உங்களை நிம்மதியாக இருக்கவிடும் நிலை ஒன்று உண்டு. லிஞ்ச் சிண்ட்ரோம் (பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தைப் பெரிதும் கூட்டும் பரம்பரை நிலை) போன்றவற்றுக்குக் காரணமான ஒற்றை மரபணுப் பிழை அப்பாவிடம் இருப்பது உறுதியாகி, அதே பிழை உங்களிடம் இல்லையென்றால், அந்தப் பரம்பரை ஆபத்து உங்களுக்கு இல்லை. ஆனால் முதலில் அப்பாவைச் சோதிக்க வேண்டும். அவரிடம் என்ன பிழை என்றே தெரியாமல் உங்களிடம் 'இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. அவரிடம் இருக்கும் பிழை நம் டெஸ்ட் பார்க்காத இடத்தில் இருக்கலாம்.

லிஞ்ச் சந்தேகம் உண்டா என்று அப்பாவின் பயாப்சி பிளாக்கிலேயே (அவரிடம் எடுத்த திசுவை மெழுகில் பதித்து லேபில் வைத்திருக்கும் துண்டு) பார்க்கலாம். ஆபரேஷன் சமயத்திலேயே செய்திருக்க வேண்டிய டெஸ்ட் இது. பல இடங்களில் இன்றும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்திலும் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் உண்டு, பெருங்குடல் இல்லை. எத்தனை வருடம்தான் காத்திருப்பது?

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், பிளாக் எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப்போங்கள்.