கேள்வி - பதில்: லாகீஸ் மண்ணில் கிடைத்தவை

பைபிளில் உள்ளதெல்லாம் அகழாய்வில் நிரூபணமாகிவிட்டது என்கிறார்கள் சிலர். எல்லாம் கட்டுக்கதை என்கிறார்கள் சிலர். எது சரி?
- வாசகர், நாகர்கோவில்

இரண்டுமே அவசரப் பேச்சு. ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம், எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் லாகீஸ். அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் மேல் படையெடுத்து லாகீசில் இருந்தபோது எசேக்கியா ராஜா பணிந்து அங்கே ஆளனுப்பினார் என்கிறது 2 இராஜாக்கள் 18. அந்த ஊர் எப்படி விழுந்தது என்று அங்கே ஒரு வரி கிடையாது.

அதைச் சொன்னவன் எதிராளி. 1840களில் அசீரியத் தலைநகரான நினிவேயில் லேயார்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோண்டிய சனகெரிப்பின் அரண்மனையில், ஓர் அறைச் சுவரெல்லாம் கி.மு. 701இல் நடந்த இந்த முற்றுகைதான் செதுக்கியிருந்தது (இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது). மதில்மேல் நிற்பவர்கள் தீப்பந்தங்களை வீச, மதிலை இடிக்கும் பொறியில் இருக்கிற அசீரியன் நீளக் கரண்டியால் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டே இருக்கிறான், இன்னொரு பக்கம் மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சோடு பெண்களும் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த வண்டிகளைத் தாண்டி என் கண் நகர்வதில்லை.

அப்புறம் லாகீசையே தோண்டினார்கள். 1930களில் ஸ்டார்க்கி, 1973இலிருந்து உசிஷ்கின். மதில்வரை பொறியை ஏற்ற அசீரியர்கள் கற்களைக் கொட்டிப் போட்ட சரிவு ஊரின் தென்மேற்கு மூலையில் இன்னும் கிடக்கிறது, கூடவே இரும்பு அம்புமுனைகளும் கவண்கற்களும். வேதம், எதிரியின் சிற்பம், மண் மூன்றும் இங்கே ஒத்துப்போகின்றன. ஆனால் யோசுவாவின் காலத்தில் மதில் இடிந்து விழுந்ததாக வேதம் சொல்லும் எரிகோவில் அப்படி நடக்கவில்லை. யோசுவா காலத்தது என்று நம்பப்பட்ட இடிந்த மதில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது என்று 1950களில் அங்கே தோண்டிய கேத்லீன் கென்யன் காட்டினார். ஊருக்கு ஊர் பார்த்துத்தான் பேச வேண்டும்.

எரேமியா காலத்துக் கடிதங்கள் கிடைத்தது உண்மையா?
- வாசகி, பாளையங்கோட்டை

உண்மைதான். 1935இல் லாகீஸ் வாசலருகே எரிந்த சாம்பலுக்குள், பானை ஓடுகளில் மையால் எழுதிய 18 துண்டுகள் கிடைத்தன. பாபிலோனியர் வந்து அழிப்பதற்குச் சற்று முன்னே எழுதியவை. ஒன்றில், 'லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம், அசெக்கா தெரியவில்லை' என்று வருகிறது. கடைசியாகத் தாக்குப்பிடித்த கோட்டைகள் என்று எரேமியா 34:7 பெயர் சொல்வது இதே இரண்டு ஊர்களைத்தான். எனக்குப் பிடித்தது வேறொரு ஓடு. ஓசாயா என்பவர் தன் மேலதிகாரிக்கு எழுதியது. 'உனக்குக் கடிதம் படிக்கத் தெரியாதா' என்று அந்த அதிகாரி கேட்டுவிட்டாராம், எனக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை என்று ஓசாயா கடவுள்மேல் ஆணையிட்டுச் சொல்கிறார். 2,600 வருஷம் கழித்தும் அந்த ரோஷம் ஆறவில்லை!

பேன் சீப்பு ஒன்று பெரிய செய்தியானதே, அதில் என்ன விசேஷம்?
- வாசகர், தூத்துக்குடி

சுமார் 3.5 சென்டிமீட்டர் நீளம்தான், யானைத் தந்தம். ஒரு பக்கம் சிக்கெடுக்கத் தடிமனான 6 பல், மறுபக்கம் பேனுக்கும் ஈருக்கும் நெருக்கமான 14 பல். 2016இல் லாகீசில் கிடைத்தும், அதில் எழுத்து இருப்பதே சில வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2022இல் வாசகம் வெளியானது: 'இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்கட்டும்.' கி.மு. 1700 வாக்கிலானது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கானானிய எழுத்தில் முழு வாக்கியமாகக் கிடைத்தவற்றில் இதுதான் மிகப் பழையது என்றும் அறிவித்தார்கள். ராஜாவின் வெற்றிப் பெருமை அல்ல, தலை அரிப்பு. பல்லில் பேனின் மிச்சம்கூட ஒட்டியிருந்தது.

கோயிலுக்குள் கழிப்பறைக் கல்லா?
- வாசகி, திருச்சி

அதே 2016இல், லாகீஸ் வாசல் அறை ஒன்றில் கிடைத்ததாக அறிவித்தார்கள். மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகள் உடைக்கப்பட்ட பலிபீடங்கள், பக்கத்தில் நடுவில் துளையிட்ட கல் இருக்கை. சோதித்ததில் அதை யாரும் பயன்படுத்திய தடயமில்லை, எனவே வழிபாட்டிடத்தைத் தீட்டாக்கவே வைத்தார்கள் என்றும், எருசலேமுக்கு வெளியே இருந்த வழிபாட்டிடங்களை எசேக்கியா ராஜா அகற்றிய சீர்திருத்தம் இதுதான் என்றும் தோண்டியவர்கள் சொல்கிறார்கள். இஸ்ரவேல் ராஜா யெகூ பாகால் என்ற தெய்வத்தின் கோயிலை அப்படித்தான் ஆக்கினான் என்று 2 இராஜாக்கள் 10:27இல் இருக்கிறது. ஆனால் அது வழிபாட்டிடமே இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு உடைந்த கொம்புகள் வலுவான சான்றாகப் படுகின்றன. கல் இருக்கையை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.