டி கலம் எதைப் பார்க்கிறது? கேள்வி பதில்

கல்லடி, உயர்தர மாணவி: வைரஸ் கலத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே நிற்கும் டி கலத்துக்கு அது எப்படித் தெரிகிறது?

இதைத்தான் கேட்க வேண்டும், மகள். டி கலம் என்பது உடலைக் காக்கும் ஒரு வகை வெண்குருதிக் கலம். கலம் தனக்குள் உண்டாகும் புரதங்களை நறுக்கி, துண்டுகளை எச்.எல்.ஏ என்ற புரதத்தில் ஏற்றி மென்சவ்வின் வெளிப்புறத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வாவிக்கரையில் கிடக்கும் வள்ளத்தை மேலிருந்து பாருங்கள். எச்.எல்.ஏயின் தலைப்பகுதி அந்த அமைப்புத்தான்: அடிப்பலகையாக எட்டுப் புரத இழைகள், இருமருங்கும் இரண்டு சுருள்கள், நடுப்பள்ளத்தில் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு.

1987இல் பமேலா பியோர்க்மனும் ஹார்வர்ட் குழுவினரும் எக்ஸ் கதிர் மூலம் எச்.எல்.ஏயின் ஒரு வகையான எச்.எல்.ஏ-ஏ2வின் வடிவத்தை வெளியிட்டபோது, அந்தப் பள்ளத்தில் எச்.எல்.ஏக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று தெரிந்தது. தூய்மையாக்கிப் பளிங்காக்கிய பிறகும் விட்டுப் போகாத புரதத் துண்டுகள் அவை! நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஏ2 வள்ளத்தில் ஒன்பது அமிலத் துண்டொன்று கிடந்தால், இரண்டாவதும் ஒன்பதாவதும் கீழுள்ள குழிகளில் நங்கூரமிடும். நடுவில் மேலெழுந்து நிற்பவற்றை டி கலத்தின் மேற்பரப்பில் உள்ள வாங்கி என்ற புரதம் தொட்டுப் பார்க்கும்.

காத்தான்குடி: நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) கூட எந்தச் சாறு குடிக்கலாம்?

சாறு என் துறை அல்ல.

கல்முனை, ஆசிரியர்: வாங்கியும் துண்டும் பொருந்துவதைப் பூட்டும் சாவியும் போல என்றே கற்பிக்கிறோம். பிழையா?

இந்த உவமையைக் கைவிடுங்கள் ஐயா, எத்தனையோ முறை மன்றாடிவிட்டேன். சாவி விறைப்பானது. வாங்கியின் நுனி வளையங்களோ தொடும்போது வளைந்து கொடுக்கின்றன. பிடிப்பும் தளர்வானது, பெரும்பாலும் சில விநாடிகளில் விட்டுவிடும்.

அதே ஆசிரியர்: பிள்ளைகளுக்கு முதலில் விளங்க வேண்டாமா?

விளங்கட்டும், ஆனால் பிழையாக விளங்கக் கூடாது. ஒரே வாங்கி பல துண்டுகளை ஏற்கும். பூட்டு என்று படித்த பிள்ளை இதை எப்படி நம்பும்? துண்டை மட்டுமல்ல, வள்ளத்தையும் சேர்த்தே டி கலம் பார்க்கிறது என்பதை 1974இலேயே விஞ்ஞானிகள் சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் எலிகளில் காட்டினார்கள். அதற்கு 1996இல் நோபல் பரிசு. பூட்டு உவமையில் வள்ளத்துக்கு இடம் எங்கே?

ஏறாவூர்: தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தால் பொருந்துமா?

உடன்பிறந்தவர்களிடையே எச்.எல்.ஏ முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மற்றதைச் சிறுநீரக வைத்தியரிடம் கேளுங்கள்.

அக்கரைப்பற்று: நிர்ப்பீடனத்துக்குச் சாறா, மாத்திரையா?

காத்தான்குடிக்குச் சொன்னதே.

சம்மாந்துறை: கிருமியைப் பற்றும் புரதமான பிறபொருளெதிரிக்காவது பூட்டு–சாவி பொருந்துமா?

அதற்கும் முழுமையாகப் பொருந்தாது, அதுவும் ஓரளவு வளையும். ஆனால் அதற்கு வள்ளம் தேவையில்லை. நறுக்காத வைரஸின் வெளிமேற்பரப்பையே நேராகப் பற்றிக்கொள்ளும்.